மில்லில் கழித்த விஎஃப்டி டிரைவை வீட்டுப் பட்டறைக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் சுற்றுவட்டாரத்தில் மில்லோ ஆலையோ மிஷினை மாற்றும்போது பழைய விஎஃப்டி டிரைவுகள் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டிகள்) இரும்புக் கடைக்கு வந்து சேர்கின்றன. கொலுசுப் பட்டறையில் மெருகேற்றும் பஃப் மோட்டாருக்கும், நெசவுக்கு நூல் தார் சுற்றும் மிஷினுக்கும், மரக்கடைசல் லேத்துக்கும், ஏற்காட்டில் காபிப் பழத்தோல் உரிக்கும் பல்ப்பருக்கும் அவற்றை வாங்கிப்போகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் வாய்மொழியிலேயே அவற்றைக் கீழே தொகுத்திருக்கிறோம். வீட்டு சிங்கிள் ஃபேஸ் இணைப்பில், 2 எச்பி வரையிலான மோட்டார்களுக்கு இந்த விவரங்கள் பொருந்தும்.

விஎஃப்டி உள்ள என்னதாங்க பண்ணுது? ஃபேன் ரெகுலேட்டர் மாதிரிதானே?

இல்லை. ரெகுலேட்டர் வோல்டேஜை மட்டும் குறைக்கும். இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது ஃப்ரீக்வென்சி. 4 போல் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் 1500 சுற்று. ஸ்லிப் (லோடில் பின்தங்கும் சுற்று) போகப் பெயர்ப்பலகையில் 1440 என்கிற மாதிரி போட்டிருக்கும். 25 ஹெர்ட்ஸ் கொடுத்தால் ஏறக்குறைய பாதி வேகம். டிரைவ் முதலில் வருகிற ஏசியை டயோடு பிரிட்ஜில் டிசி ஆக்குகிறது. பெரிய கெப்பாசிட்டர்கள் அந்த டிசியைத் தேக்கிச் சமப்படுத்துகின்றன. பிறகு ஆறு ஐஜிபிடிகள் (அதிவேக மின்னணு சுவிட்சுகள்) அதை நறுக்கி, வேண்டிய ஃப்ரீக்வென்சியில் மூன்று ஃபேஸாக வெளியே விடுகின்றன. ஃப்ரீக்வென்சி குறையும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைப்பதும் டிரைவின் வேலைதான்.

நடுவில் டிசி தேங்கி நிற்கும் அந்தப் பகுதி, அதாவது டிசி பஸ்தான் கவனிக்க வேண்டிய இடம். 230 வோல்ட் உள்ளே வந்தால் பஸ்ஸில் 230 × 1.414, அதாவது 325 வோல்ட் டிசி நிற்கும். 415 வந்தால் சுமார் 587. கீழே வரும் பதில்களில் பாதி இந்த இரண்டு எண்களிலிருந்தே வருகின்றன.

வீட்ல சிங்கிள் ஃபேஸ்தான். த்ரீ ஃபேஸ் மோட்டார் நெஜமாவே ஓடுமா?

ஓடும். உள்ளே வந்ததெல்லாம் டிசி ஆகிவிடுவதால், எத்தனை ஃபேஸ் வந்தது என்பது வெளியே போகிற மூன்று ஃபேஸைப் பாதிக்காது. ஆனால் உள்ளே வந்ததைவிட அதிக வோல்டேஜ் வெளியே வராது. 230 கொடுத்தால் மோட்டாருக்கு 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான் கிடைக்கும், 415 கிடைக்காது. ஆகவே மோட்டாரையும் 230-க்கு மாற்றிக் கட்ட வேண்டும்.

இரும்புக் கடையில எதைப் பார்த்து வாங்கணும்?

பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகையில் இன்புட் என்ற வரியைப் படியுங்கள். மூன்றில் ஒன்று இருக்கும்: 1 ஃபேஸ் 200–240, 3 ஃபேஸ் 200–240, 3 ஃபேஸ் 380–480. முதல் வகை கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். இரண்டாவது வகையைச் சில நிபந்தனைகளோடு ஓட்டலாம். மூன்றாவதான 400 கிளாஸ் டிரைவை 230-இல் போட்டால் பஸ்ஸில் 325 வோல்ட்தான் இருக்கும். அந்த வகையில் பல டிரைவுகள் 350–400-க்குக் கீழேயே அண்டர்வோல்டேஜ் என்று மறித்துவிடும். டிஸ்ப்ளே எரியும், மோட்டார் ஓடாது. மில்லிலிருந்து வருவதில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகை என்பதால், மலிவாகக் கிடைக்கிறது என்று அள்ளிவிட வேண்டாம்.

எச்பியைவிட அவுட்புட் ஆம்பியரைப் பாருங்கள். 200 கிளாஸில் (200–240 வோல்ட் வகை) 0.75 கிலோவாட் டிரைவ் 4 முதல் 5 ஆம்பியர் தரும், 1.5 கிலோவாட் 7 முதல் 8 தரும். உங்கள் மோட்டார் 230-இல் இழுக்கும் ஆம்பியரைவிட இது கூடுதலாக இருக்க வேண்டும்.

கடையிலேயே மீட்டர் வச்சு செத்துப்போச்சான்னு பார்க்க முடியுமா?

பார்க்கலாம், கரண்டே தேவையில்லை. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். சிவப்புக் கம்பியை டிரைவின் மைனஸ் டெர்மினலில் (டிசி பஸ்ஸின் மைனஸ்) வைத்து, கறுப்பை இன்புட்டான ஆர், எஸ், டி மூன்றிலும், பிறகு அவுட்புட்டான யு, வி, டபிள்யூ மூன்றிலும் தொடுங்கள். 0.3 முதல் 0.6-க்குள் வர வேண்டும். அடுத்து கறுப்பை பிளஸ்ஸில் நிறுத்தி, சிவப்பால் அதே ஆறு இடங்களைத் தொடுங்கள். எங்காவது 0.00 என்று பீப் அடித்தால் அந்தக் கை ஷார்ட். யு, வி, டபிள்யூ பக்கம் ஷார்ட் என்றால் ஐஜிபிடி போயிற்று, அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இன்புட்டையும் பிளஸ்ஸையும் அளக்கும்போது எண் கொஞ்சம் கூடவோ, மெல்ல ஏறிக்கொண்டோ இருந்தால் பயப்பட வேண்டாம். நடுவில் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் (போட்டதும் கெப்பாசிட்டருக்குப் பாயும் கரண்டைக் கட்டுப்படுத்துவது) இருந்தால் அப்படித்தான் காட்டும். மூன்றும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதே முக்கியம்.

மைனஸை வெளியே தராத சின்ன டிரைவுகளில் மூடியைக் கழற்றி, கெப்பாசிட்டரின் மைனஸ் காலில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறினாலும் ஐஜிபிடிகளை இயக்கும் கேட் டிரைவர் பகுதி நன்றாக இருக்கிறது என்று உறுதி சொல்ல முடியாது. நிச்சயமாகச் செத்ததை ஒதுக்க மட்டுமே இது உதவும்.

பிளக்கைப் புடுங்கிட்டுப் பிரிச்சா ஷாக் அடிக்காதுல்ல?

அடிக்கும், ஆளையே கொல்லும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 325 வோல்ட் டிசி நிற்கும். முழுதாக 10 நிமிடம் விட்டு, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே மீட்டரை டிசி 1000 வோல்ட் நிலையில் வைத்து, 40 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே கை வையுங்கள். சார்ஜ் விளக்கு அணைந்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், அந்த எல்ஈடியே போயிருக்கலாம்.

இறங்கவில்லை என்றால் 2.2 கிலோ ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டரில் இன்சுலேட் செய்த இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து, அரை நிமிடம் பிளஸ்–மைனஸில் பிடியுங்கள். திருப்புளியைக் குறுக்கே போட்டுத் தீப்பொறி விடுவது பலரிடம் இருக்கும் பழக்கம். அதில் கெப்பாசிட்டரின் உள் இணைப்பு கெட்டுப்போகும், டெர்மினல் உருகும், கண்ணில் உலோகம் தெறிக்கும்.

மூணு வருஷமா மூலையில கெடந்த டிரைவ். நேரா பிளக்ல குத்திடலாமா?

கூடாது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் சும்மா கிடந்தால் தேய்ந்துபோகும். திடீரென முழு வோல்டேஜ் ஏறினால் லீக்கேஜ் கூடி, சூடாகி, வெடிக்கும். மோட்டாரைக் கழற்றிவிட்டு வேரியாக்கில் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) 60 வோல்ட், 115, 170, 230 என்று ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் விட்டு ஏற்றுங்கள். ரன் கொடுக்க வேண்டாம். கீழ் வோல்டேஜில் டிஸ்ப்ளே எரியாததும், லோ வோல்டேஜ் என்று காட்டுவதும் இயல்பு.

வேரியாக் இல்லாவிட்டால் 100 வாட் குண்டு பல்பை லைனில் சீரிஸாகப் போடுங்கள். எல்ஈடி பல்பு இதற்கு ஆகாது. போட்டதும் பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் கெப்பாசிட்டர் ஏறுகிறது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். மங்கிய பிறகு ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். தலை உப்பியது, அடியில் பிசின்போல் கசிந்தது என்றால் இந்த வைத்தியமெல்லாம் வேண்டாம், மாற்றிவிடுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை. கால் இடைவெளியும் உயரமும் பொருந்த வேண்டும்.

மோட்டார்ல 415-னு போட்டிருக்கே, 230-க்கு எப்படிங்க மாத்துறது?

2 எச்பி வரையிலான நம்மூர் த்ரீ ஃபேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டாரில் கட்டி 415-க்கு வருகின்றன. அதே வைண்டிங்கை டெல்டாவாக மாற்றினால் 415 ÷ 1.732, அதாவது 240 வோல்ட்டுக்குப் பொருந்தும். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு போல்ட் இருக்கும். மேல் வரிசை டபிள்யூ2, யு2, வி2. கீழ் வரிசை யு1, வி1, டபிள்யூ1. மேல் வரிசை மூன்றும் பித்தளைத் தகடால் சேர்ந்திருந்தால் அது ஸ்டார். தகடுகளைக் கழற்றி, மேலுக்கும் கீழுக்கும் செங்குத்தாக மூன்று ஜோடியாகப் போட்டால் டெல்டா. டிரைவின் மூன்று ஒயர்கள் கீழ் வரிசைக்கு வரும்.

மாற்றிய பிறகு ஆம்பியர் கூடும். ஸ்டாரில் 1.9 ஆம்பியர் இழுத்த 1 எச்பி மோட்டார் டெல்டாவில் சுமார் 3.3 இழுக்கும். பெயர்ப்பலகையில் 415-க்கு நேராக முக்கோணக் குறி இருந்தால் அது ஏற்கெனவே டெல்டா. அதை 230-க்கு இறக்க வழியில்லை. பழைய மோட்டார் என்றால் 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைண்டிங்கையும் பாடியையும் சோதித்து, 1 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் போடுங்கள். டிரைவ் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் மெகர் அடிக்க வேண்டும். சேர்த்து அடித்தால் ஐஜிபிடி போய்விடும்.

அண்ணா, என் மோட்டார்ல மூணு ஒயர்தான் வெளிய வருது, தகடே இல்ல.

ஸ்டார் முனை வைண்டிங்குக்குள்ளேயே புதைந்திருக்கிறது. காயில் கட்டும் கடையில் கொடுத்து, அந்த முடிச்சைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். வார்னிஷ் பழசாகிக் கம்பி நொறுங்குகிற மோட்டாராக இருந்தால், ரீவைண்டிங் செய்தே ஆக வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். அது நியாயமான பேச்சுதான்.

மாற்றாமல் ஸ்டாரிலேயே 230-இல் ஓட்டினால் மோட்டார் சுற்றும், ஆனால் டார்க் (சுழற்றும் விசை) மூன்றில் ஒரு பங்குதான். வெறுமனே சுற்றும்போது நன்றாகத் தெரியும். பஃபில் கொலுசை அழுத்தியதும் நிற்கும், சூடாகும். சின்ன ஃபேனுக்கோ லேசான தார் மிஷினுக்கோ சில சமயம் அது போதும்.

230 டிரைவ்தான், ஆனா த்ரீ ஃபேஸ் இன்புட். சிங்கிள் ஃபேஸ் குடுத்தா ஃபேஸ் லாஸ்னு நிக்குது.

ஆர், எஸ் இரண்டில் மட்டும் லைனும் நியூட்ரலும் கொடுங்கள், டி காலியாக இருக்கட்டும். இன்புட் ஃபேஸ் லாஸ் பாதுகாப்பை அணைக்கும் பேராமீட்டர் பல டிரைவுகளில் உண்டு, அணைத்துவிடுங்கள். அந்த வசதி இல்லாத டிரைவில் போர்டில் ஒயரைத் தாவவிட்டு ஏமாற்றும் வேலையைத் தவிர்ப்பது நல்லது. சில டிரைவுகள் ஃபேஸை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. பஸ்ஸில் ஏறி இறங்கும் அலையை அளந்து ஃபேஸ் போனதைக் கண்டுபிடிக்கின்றன. அவற்றை ஒயரால் ஏமாற்ற முடியாது.

அணைத்த பிறகு டிரைவின் திறனைப் பாதியாகக் கணக்கிடுங்கள். மூன்று ஃபேஸில் கெப்பாசிட்டருக்கு வினாடிக்கு 300 முறை சார்ஜ் கிடைக்கும், ஒரு ஃபேஸில் 100 முறைதான். அதே வேலைக்கு டயோடு வழியே 1.7 மடங்கு கரண்ட் பாய வேண்டும். 1 எச்பி மோட்டாருக்கு 2 எச்பி டிரைவ் என்று எடுத்தால் நிம்மதி.

கெப்பாசிட்டரைக் கூடச் சேர்த்தா முழு எச்பியும் கெடைக்குமா?

பாதிதான் உண்மை. 1 எச்பி முழு லோடில், பஸ்ஸில் 470 மைக்ரோஃபாரட் மட்டும் இருந்தால் வோல்டேஜ் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் சுமார் 50 வோல்ட் இறங்கி ஏறும். 700 ஆக்கினால் சுமார் 34. அந்த அளவுக்கு நல்லதுதான். ஆனால் டயோடு பிரிட்ஜும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டரும் பழையதுதானே? கெப்பாசிட்டர் கூடக்கூட ஒவ்வொரு முறை போடும்போதும் அந்த ரெசிஸ்டர் அதிக நேரம் சூட்டைத் தாங்க வேண்டும். இருந்ததைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் போக வேண்டாம். சேர்ப்பதை ஒரு விரல் நீளத்துக்கு மேல் ஒயர் இழுக்காமல், பஸ் தகட்டிலேயே பிடித்துவையுங்கள்.

கீபேட் ஒடஞ்சிருக்கு. வெளிய ஒரு திருகு வச்சு ஸ்பீடு மாத்தணும்.

10 கிலோ ஓம் லீனியர் பொட்டென்ஷியோமீட்டர் வாங்குங்கள், கடையில் பி10கே என்று கேட்டால் போதும். ஒரு ஓரக் காலை டிரைவின் 10 வோல்ட் டெர்மினலுக்கும், மறு ஓரக் காலை அனலாக் காமனுக்கும், நடுக் காலை அனலாக் இன்புட்டுக்கும் கொடுங்கள். ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை டிரைவ் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டினால் வேகம் தானாகக் குதிக்கும். ஸ்டார்ட்டுக்கு ஃபார்வர்டு டெர்மினலையும் காமனையும் ஒரு சுவிட்சால் சேர்த்தால் போதும்.

பிறகும் திருகு வேலை செய்யவில்லை என்றால் போர்டில் இருக்கும் ஜம்பரைப் பாருங்கள். மில் மிஷின்களில் அதை 4–20 மில்லிஆம்பியர் பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். வோல்டேஜ் பக்கம் மாற்ற வேண்டும். திருகைக் கையில் பிடிப்பதற்கு முன் இன்னொன்று: கரண்ட் இல்லாதபோது அனலாக் காமனுக்கும் பஸ் மைனஸுக்கும் நடுவே மீட்டரில் தொடர்பு பாருங்கள். பீப் அடித்தால் அந்த டிரைவின் கண்ட்ரோல் பகுதிக்குத் தனிமைப்படுத்தல் இல்லை; திருகும் ஒயரும் உயிரோடு (தொட்டால் ஷாக் அடிக்கும்படி) இருக்கும். பிளாஸ்டிக் தண்டு, பிளாஸ்டிக் குமிழ் தவிர வேறெதுவும் வெளியே தெரியக் கூடாது.

பேராமீட்டர் நூத்துக்கணக்குல இருக்கே. எதை மாத்துனா போதும்?

முதலில் ஃபேக்டரி ரீசெட். பழைய மில்லில் அது கம்ப்யூட்டர் கட்டளைக்குக் காத்திருக்கும்படி வைக்கப்பட்டிருக்கலாம், அந்த நிலையில் நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. பிறகு இவற்றை வையுங்கள்: பேஸ் ஃப்ரீக்வென்சி 50, பேஸ் வோல்டேஜ் 230, மோட்டார் ஆம்பியர் டெல்டா அளவு (1 எச்பிக்கு 3.3), ஏறும் நேரம் 5 வினாடி, இறங்கும் நேரம் 10 வினாடி, குறைந்தபட்சம் 15 ஹெர்ட்ஸ், அதிகபட்சம் 50. கேரியர் ஃப்ரீக்வென்சி (ஐஜிபிடிகள் நறுக்கும் வேகம்) 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ்.

டார்க் பூஸ்ட் (கீழ் வேகத்தில் கூட்டிக் கொடுக்கும் வோல்டேஜ்) 2 அல்லது 3 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்; கூட்டினால் மோட்டார் சும்மா ஓடும்போதே சுடும். தார் மிஷினில் நூல் அறுகிறது என்றால் ஏறும் நேரத்தை 8 வினாடியாக்கிப் பாருங்கள்.

கரண்ட் போயிட்டு வந்ததும் மிஷின் தானா ஓட ஆரம்பிக்குது!

ரன் சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது, டிரைவ் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. பஃபில் கை இருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கரண்ட் வந்ததும் ரன்னை மறுக்கும் பேராமீட்டர் பல டிரைவுகளில் உண்டு, அதைப் போடுங்கள். டிரிப் ஆனால் தானே ரீசெட் ஆகும் வசதியையும் அணையுங்கள். அப்படிப் பேராமீட்டர் இல்லாவிட்டால் சாதா சுவிட்சுக்குப் பதிலாக அமுக்கும் பட்டன்களும் ஒரு சின்ன ரிலேவும் போட்டு, கரண்ட் போனால் விழுந்துவிடும்படி கட்ட வேண்டும்.

ஸ்பீடைக் கொறச்சா மோட்டார் கொதிக்குதே?

மோட்டாரின் பின்பக்க விசிறி அதே ஷாஃப்டில்தான் இருக்கிறது. 20 ஹெர்ட்ஸில் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், கரண்ட் மட்டும் குறையாது. முழு லோடில் 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடர்ந்து ஓட்ட வேண்டுமானால் பின்பக்கம் தனியாக ஒரு ஃபேன் வையுங்கள், அல்லது புல்லியை மாற்றி மோட்டாரை 40–50 ஹெர்ட்ஸிலேயே ஓடவிடுங்கள். இரண்டாவது வழியில் டார்க்கும் கூடும். டிரைவ் இருக்கிறது என்பதற்காகப் புல்லி வேலையையும் அதன் தலையில் கட்டுவதுதான் பெரும்பாலான பட்டறைகளில் நடக்கிறது.

50-க்கு மேல ஏத்தினா பஃப் நல்லா பளபளக்குமா?

2 போல் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் 3600 சுற்றை நெருங்கும். சக்கரத்தைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 20 சதவீத வேகத்துக்கு விசை 44 சதவீதம் கூடுகிறது. பஃபிலோ சாணைக்கல்லிலோ அச்சிட்ட அதிகபட்சச் சுற்றைத் தாண்டவே கூடாது. 50-க்கு மேல் வோல்டேஜ் ஏறாததால் டார்க்கும் குறையும். கொலுசு வேலைக்கு 35 முதல் 50-க்குள் வைத்துக்கொள்வதே சரி. கொலுசின் திருகும் மணிகளும் பஃபில் சிக்கி இழுக்கும் வேகமும் குறைவாக இருக்கும்.

லேத்தை நிறுத்துனா ஓவர்வோல்டேஜ்னு டிரிப் ஆகுது. பல்பு போட்டா நிக்கும்னு சொல்றாங்க?

லேத்தின் கனமான சக்கை (பொருளைப் பிடிக்கும் பகுதியை) வேகமாக நிறுத்தும்போது மோட்டார் ஜெனரேட்டராகி, பஸ்ஸுக்குக் கரண்டைத் திருப்பித் தள்ளுகிறது. 200 கிளாஸ் டிரைவ் சுமார் 400 வோல்ட்டில் டிரிப் ஆகும். இறங்கும் நேரத்தை 20 வினாடியாக்கினாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். அவசரமாக நிற்க வேண்டுமானால் பிரேக் ரெசிஸ்டர்: 1 எச்பி, 200 கிளாஸுக்கு 200 ஓம், 80 வாட் என்பது வழக்கமான அளவு. பிளஸ்ஸுக்கும் பிரேக் டெர்மினலுக்கும் நடுவே வரும். அந்த டெர்மினல் இல்லாத சின்ன டிரைவில் உள்ளே பிரேக் டிரான்சிஸ்டரே இருக்காது. பிளஸ்–மைனஸில் நேராக ரெசிஸ்டரைப் போட்டால் அது எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும்.

பல்பு வேண்டாம். 230 வோல்ட், 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம், குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முதல் துடிப்பிலேயே டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

டிரைவ் போட்டா ஈஎல்சிபி விழுது. எர்த்தைக் கழட்டுனா சரியாயிருது, அப்படியே விட்டுடலாமா?

விடக் கூடாது. ஈஎல்சிபி என்பது எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் சுவிட்ச். டிரைவின் ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் மோட்டார் ஒயரும் சேர்ந்து கொஞ்சம் கரண்டை எப்போதும் எர்த்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். எர்த்தைக் கழற்றினால் அந்தக் கரண்ட் மோட்டார் பாடியில் வந்து நிற்கும், தொடுகிறவர் வழியாக இறங்கும். மோட்டார் ஒயரை 5 மீட்டருக்குள் வையுங்கள், கேரியரை 4 கிலோஹெர்ட்ஸாகக் குறையுங்கள் (மோட்டார் கொஞ்சம் கீச்சிடும்), அதே ஈஎல்சிபியில் இருக்கும் ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டரை வேறு லைனுக்கு மாற்றுங்கள். சில டிரைவுகளில் ஃபில்டரை எர்த்திலிருந்து துண்டிக்கத் தனி ஸ்க்ரூ இருக்கும், அதைக் கழற்றலாம். அது எர்த் ஒயர் ஸ்க்ரூ அல்ல.

ஈஎல்சிபி வாங்கும்போது ஏ டைப் அல்லது எஃப் டைப் என்று கேளுங்கள். ஏசி டைப்பில் டிரைவின் லீக்கேஜ் சரியாகப் பிடிபடாது. லைனுக்கு 16 ஆம்பியர் சி கர்வ் எம்சிபியும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் வேண்டும். 1 எச்பிக்கே இன்புட்டில் 9, 10 ஆம்பியர் வரும், 5 ஆம்பியர் பிளக் உருகிவிடும்.

சும்மா ஓடுனா ஓடுது, லோடு போட்டதும் லோ வோல்டேஜ்னு நிக்குது.

முதலில் லோடு இருக்கும்போது பிளக்கில் வோல்டேஜை அளங்கள். 180-க்குக் கீழே போனால் டிரைவைக் குறை சொல்லிப் பயனில்லை. லைன் நீளம், தளர்ந்த நியூட்ரல் இவற்றைப் பாருங்கள். பிளக்கில் 220 இருந்தும் நின்றால் ப்ரீசார்ஜ் ரிலேயைச் சந்தேகியுங்கள். டிரைவைப் போட்ட சில வினாடிகளில் உள்ளே டக்கென்று ஒரு ஒலி கேட்க வேண்டும். ரிலே ஒட்டாவிட்டால் மொத்தக் கரண்டும் அந்தச் சின்ன ரெசிஸ்டர் வழியே போகும். சும்மா ஓடும்வரை தெரியாது, லோடு வந்ததும் பஸ் சரிந்துவிடும், ரெசிஸ்டர் கருகும். ரிலேயின் காயில் வோல்ட்டைப் பார்த்து அதே மாதிரி ஒன்றை மாற்றினால் தீர்ந்தது. அந்த ரெசிஸ்டர் அறுந்திருந்தாலோ டிஸ்ப்ளேயே எரியாது.

ஏற்காட்டுல பல்ப்பருக்குப் போடுறோம். தனியா ஏதாவது கவனிக்கணுங்களா?

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். காற்று மெலிவதால் டிரைவ் குளிர்வது குறையும்; 1000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதம் கழிக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆக 5 சதவீதம், பெரிய விஷயமில்லை. பனிதான் பெரிய விஷயம். காபிப் பறிப்பு நேரத்தில், விடிகாலையில் குளிர்ந்து கிடக்கும் போர்டில் நீர் பூத்திருக்கும், அப்படியே சுவிட்சைப் போட்டால் ஷார்ட். தூசியையும் நீர் தெறிப்பையும் தடுக்கும் ஐபி54 பெட்டிக்குள் வைத்து, ஒயர்களைக் கீழ்ப்பக்கமாக கிளாண்டு வழியே நுழையுங்கள். பெட்டிக்குள் ஒரு 15 வாட் குண்டு பல்பை இரவெல்லாம் எரியவிட்டால் போதும். பல்ப்பர் தண்ணீர் தெறிக்கும் தூரத்தில் பெட்டி இருக்கக் கூடாது.

மின்னலுக்கு: எம்சிபிக்குப் பிறகு லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 20டி471 வேரிஸ்டர் (எகிறும் வோல்டேஜை விழுங்கும் பாகம்) ஒன்று. நேரடி இடிக்கு எதுவும் நிற்காது, மழை கட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

சேலம் வெயில்ல என்ன பண்றது? ஃபேனும் ஓடலை.

சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் சித்திரை வெயிலில் 50 டிகிரி தாண்டிவிடும். பல டிரைவுகள் 40 அல்லது 50 வரைதான். நேராக நிறுத்தி, மேலும் கீழும் 10 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். ஃபேனை மாற்றும்போது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும், பக்கத்தில் இருக்கும் காற்றுத் திசை அம்புக்குறியையும் பாருங்கள். மூன்றாவது ஒயர் இருந்தால் அது ஃபேன் நின்றதைச் சொல்லும் ஒயர். இரண்டு ஒயர் ஃபேன் போட்டால் டிரைவ் பிடிவாதமாக ஃபால்ட் காட்டும். மில் டிரைவின் ஹீட்சிங்க் இடுக்குகளில் பஞ்சு மெத்தையாக அடைத்திருக்கும். ஃபேனைக் கழற்றிவிட்டுப் பெயிண்ட் பிரஷால் கிளறி, பிறகு புளோயர் அடியுங்கள். பஃப் தூசியில் வெள்ளித் துகளும் மெழுகும் கலந்திருப்பதால் கொலுசுப் பட்டறையில் டிரைவைப் பஃபுக்குப் பின்பக்கச் சுவருக்கு அப்பால் வைப்பதே உத்தமம்.

மிக்சி, வீட்டு போர் மோட்டார், டேபிள் ஃபேனுக்கெல்லாம் இதைப் போடலாமா?

கூடாது. கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டார், கார்பன் பிரஷ் மோட்டார் இரண்டும் இதற்கு ஒத்துவராது. த்ரீ ஃபேஸ் மோட்டாராக இருந்தாலும் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கெப்பாசிட்டரோ, ஓடும்போது போட்டு அணைக்கும் சுவிட்சோ இருக்கக் கூடாது.

400 கிளாஸ் டிரைவையே டபுளர் போட்டு வீட்டு கரண்ட்ல ஓட்டலாம்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை, ஆனால் மேலே சொன்ன எல்லாம் கைவந்தவர்களுக்கு. டபுளர் என்பது பஸ் வோல்டேஜை இரட்டிப்பாக்கும் இணைப்பு. 400 கிளாஸ் டிரைவில் கெப்பாசிட்டர்கள் இரண்டு இரண்டாக சீரிஸில் இருக்கும். லைனை ஆர் டெர்மினலிலும், நியூட்ரலை அந்த நடு இணைப்பிலும் கொடுத்தால் ஒரு அரைச் சுற்று மேல் கெப்பாசிட்டரையும், மறு அரைச் சுற்று கீழ் கெப்பாசிட்டரையும் 325 வரை ஏற்றும். மொத்தம் 650 வோல்ட். மோட்டாரை ஸ்டாரிலேயே 415-இல் ஓட்டலாம், காயில் கடைக்குப் போகத் தேவையில்லை. ஆசை காட்டும் இடம் இதுதான்.

சிக்கல்கள் இவை. ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் வினாடிக்கு 50 முறைதான் சார்ஜ் கிடைக்கும், சூடு ஏறும். 1 எச்பி எடுக்க 3 எச்பி டிரைவாவது வேண்டும். ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் பிளஸ் பக்கம் மட்டும் இருக்கும் டிரைவுகளில் கீழ் கெப்பாசிட்டர் எந்தத் தடையும் இல்லாமல் ஏறும், டயோடு உடையும். அதற்கு லைனிலேயே ஒரு என்டிசியோ (சூடேறினால் தடை குறையும் ரெசிஸ்டர்), ரிலேயோடு கூடிய ரெசிஸ்டரோ தனியாகப் போட வேண்டும். இரவில் லைன் 250-க்கு ஏறினால் பஸ் 707 வோல்ட். பிரேக் போடும்போது ஓவர்வோல்டேஜ் டிரிப்புக்கு மிச்சம் இருப்பது சொற்பம். லைனும் நியூட்ரலும் மாறினாலும் டபுளர் வேலை செய்யும், ஆனால் கெப்பாசிட்டர்களின் நடு இணைப்பு அப்போது லைனாக இருக்கும். திருப்பிக் குத்த முடியாத 16 ஆம்பியர் மூன்று முள் பிளக்கில் லைன் எது என்று டெஸ்டரில் பார்த்து நிரந்தரமாகக் கட்டுங்கள். ஓசிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை அந்தப் போர்டில் எங்கும் மாட்டக் கூடாது.